ராமானுஜனும் ஜானகி அம்மாளும்: ஒரு நீண்ட நோயின் கதை

ஸ்ரீநிவாச ராமானுஜன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவை நாமக்கல் நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ், பேராசிரியர் ஹார்டி, 1729 என்ற எண் ஆகியவைதான். நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பெருமையுடன் சொல்லும் சரித்திரம் அது. ஆனால் 32 வயது மட்டுமே வாழ்ந்த அந்த மேதையின் கடைசி மூன்று வருஷங்கள் நோயிலேயே கழிந்தன என்பதை நாம் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. அவருடைய நோயைப் பற்றியும், அந்த நோயில் அவருக்குத் துணையாக இருந்தவர்களைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் திருப்பதியில் வசிப்பவன். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் என்று வருஷக்கணக்காக நோயுடன் காலம் தள்ளும் அன்பர்களின் இல்லங்களுக்குச் சில நண்பர்களுடன் மாதம் ஒரு முறை போய் வருகிறேன். திருப்பதியில் சில வீடுகள், சித்தூரில் சில வீடுகள். மருந்து மாத்திரை பற்றி எங்களிடம் யாரும் கேட்பதில்லை. அதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கும் வீட்டாருக்கும் நடுவே உள்ள சங்கடங்கள்தாம் பேச்சில் வரும். அந்தச் சங்கடங்கள் அத்தனையும் ராமானுஜன் வாழ்விலும் இருந்தன என்பதை அவர் சரித்திரத்தைப் படித்தபோது கண்டேன்.

இளமையும் முதல் நோயும்

ராமானுஜன் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தகப்பனார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர், கெட்டிக்காரர், தைரியசாலி. இரண்டு வயதில் குழந்தைக்குப் பெரியம்மை கண்டது. அதில் பிழைத்தான். அவனுக்கு அடுத்துப் பிறந்த குழந்தைகள் சிசுவிலேயே இறந்து போயின. ஆகவே அந்தத் தாய் தன் மூத்த பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததில் ஆச்சரியமில்லை.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசுகளுடன் தேறிய பிள்ளை, கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்காமல் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1909 ஜூலையில் அவருக்கும் ராஜேந்திரம் என்ற கிராமத்தைச் சேர்ந்த ஜானகிக்கும் விவாகம் நடந்தது. அப்போது ஜானகிக்குப் பத்து வயது.

அடுத்த ஜனவரியில் ராமானுஜனுக்கு விரைவீக்கத்திற்காக அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வீட்டில் பணம் இல்லை. ஒரு வைத்தியர் பணம் வாங்காமலே செய்து கொடுத்தார். பின்னர் வேலை தேடிச் சென்னையில் அலைந்த காலத்தில் மீண்டும் உடம்பு படுத்தது. பச்சையப்பன் கல்லூரியில் உடன் படித்த ராதாகிருஷ்ண ஐயர் அவரைத் தம்முடன் வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பினார். புறப்படும்போது ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை அந்த நண்பரிடம் கொடுத்து, தாம் இறந்துவிட்டால் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் அவர்களிடமோ சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று அந்த நண்பர் கவனிக்காமல் இருந்திருந்தால் கேம்பிரிட்ஜ் கதையே நடந்திராது.

கேம்பிரிட்ஜில் தனி அடுப்பு

பிறகு நடந்தவை வாசகர்கள் அறிந்தவை. கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமஸ்வாமி ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுக அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் என்று ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். 1912 மார்ச் 1-ந் தேதி துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17-ந் தேதி நெவாஸா என்ற கப்பலில் பிரயாணம்.

அதே கப்பலில் சௌரி முத்து என்ற தமிழ் வைத்தியர் பயணம் செய்தார். இங்கிலாந்தில் காசநோய்க்காரர்களுக்கு ஆரோக்கிய சாலை நடத்திவந்தவர் அவர். மூன்று வருஷம் கழித்து அவரிடமே நோயாளியாகப் போகப் போகிறோம் என்று ராமானுஜன் அப்போது நினைத்திருக்க முடியாது.

போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. ராமானுஜன் ஆசாரத்தை விடாதவர். கல்லூரிப் போஜன சாலையில் சாப்பிடாமல் தம் அறையிலேயே சிறிய அடுப்பில் தாமே தளிகை செய்து கொண்டார். யுத்தத்தினால் காய்கறியும் பாலும் கிடைப்பது வரவரக் கடினமாயிற்று. கணிதத்தில் ஆழ்ந்துவிட்டால் சாப்பாட்டு வேளை தவறும், இரவு பகல் தெரியாது, தூக்கமும் கெடும். சாதம் ஆறிப் போகிறது, வந்து சாப்பிடு என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை. கும்பகோணத்தில் இருந்தவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தாயார் சாதத்தைப் பிசைந்து கையில் வைப்பாராம். அந்தக் கை நிழல் இல்லாத இடத்தில் மூன்று வருஷம் கழிந்தது.

1917-ன் வசந்த காலத்தில் உடம்பு விழுந்தது. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதி. பிறகு மெண்டிப் மலையில் சௌரி முத்துவின் ஆரோக்கிய சாலை. அங்கிருந்து மாட்லாக் என்ற ஊரில் இன்னொன்று. வயிற்றுப் புண் என்றார்கள். ரத்தத்தில் விஷம் என்றார்கள். புற்றுநோயோ என்று சந்தேகித்தார்கள். கடைசியில் காசம் என்று வைத்துக்கொண்டு வைத்தியம் செய்தார்கள். அக்காலத்தில் காசத்திற்கு மருந்து கிடையாது. குளிர்ந்த காற்று, ஓய்வு, நிறைய ஆகாரம் ஆகிய மூன்றுதான் சிகிச்சை. ஆகவே ஜன்னல்களைத் திறந்தே வைத்திருப்பார்கள். காவேரிக் கரையில் வளர்ந்தவருக்கு அந்தக் குளிர் பெரிய தண்டனை. குளியலறை ஒன்றுதான் கதகதப்பாக இருக்கிறது, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடலாம் என்று ஹார்டிக்கு எழுதினார்.

ஆகாரம்தான் பெரிய போராட்டம். சைவ உணவு சமைக்கத் தெரியாத சமையற்காரர்கள். காரமும் புளிப்பும் கேட்கும் நாக்கு. வைத்தியர் தரச் சொன்னதை மறுக்கும் பிடிவாதம். 1918 ஜூனில் ராமலிங்கம் என்ற சென்னை அன்பர் மாட்லாக்குக்குப் போய்ச் சில நாள் உடன் இருந்தார். அவர் நிலைமையைப் பார்த்துக் கவலைப்பட்டு, நோயாளி என்ன சாப்பிடுகிறார், எதை ஒதுக்குகிறார் என்று விவரமாக ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அத்தனை பெரிய மேதையைச் சுற்றி வைத்தியர்கள் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள். தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எழுதியவர் ஒரு ராமலிங்கம்தான்.

நின்றுபோன கடிதங்கள்

இந்தச் சமயத்தில் வீட்டிலிருந்து கடிதங்கள் வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. ராமானுஜனும் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஊரில் சரியாகத் தெரியவில்லை. ஊரில் என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஜானகி கும்பகோணத்தில் மாமியாருடன் இருந்தார். கணவர் தமக்கு எழுதிய கடிதங்களும் தாம் அவருக்கு எழுதியவையும் மாமியார் கையிலேயே தங்கிவிட்டன என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கடைசியில் சகோதரர் கல்யாணத்தை முன்னிட்டுக் கராச்சிக்குப் போனவர் கும்பகோணத்துக்குத் திரும்பவில்லை. தம் மனைவி எங்கே இருக்கிறார் என்பதுகூட ராமானுஜனுக்குத் தெரியாது.

கோமளத்தம்மாளை இதற்காகக் கொடுமைக்காரி என்று சொல்ல நான் தயாரில்லை. பிள்ளைக்காகக் கல்லூரி வாசல்களில் நின்றவர் அவர். நாமகிரித் தாயாரின் உத்தரவு என்று கூறி, கடல் கடந்து போக அனுமதித்தவரும் அவரே. தனக்கே சொந்தமாக இருந்த பிள்ளையைப் பங்கு போட்டுக்கொள்ள அவர் மனம் இடம் தரவில்லை. இதை நம் இல்லங்கள் பலவற்றில் நாம் பார்க்காமலா இருக்கிறோம்? ஆனால் அதன் விலையை நோயாளி கொடுத்தார்.

1918-ம் வருஷத் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். அங்கிருந்த காவலர் விசையை இழுத்து நிறுத்தியதால் ரயில் சில அடி தூரத்தில் நின்றது. காலில் காயத்துடன் உயிர் தப்பியவரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹார்டி ஓடிப் போய், இவர் ராயல் சொசைட்டி அங்கத்தினர் என்று கூறி மீட்டு வந்தார். உண்மையில் அந்தக் கௌரவம் அப்போது இன்னும் கிடைக்கவில்லை. அதே வருஷம் மே மாதம் அது கிடைத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் வந்தது. உலகம் கொண்டாடிய அதே வருஷத்தில்தான் அவர் உயிரை விடத் துணிந்திருந்தார். நீண்ட நோய் உடலோடு நிற்பதில்லை, மனத்தையும் அரிக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். நாங்கள் போகும் இல்லங்களில், எத்தனை நாள் இந்த ஊசி, எத்தனை நாள் இந்தப் பத்தியம், போதும் என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை வெறும் சலிப்பு என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடமும் சொல்லுங்கள் என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

1729 கதையையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். புட்னியில் ஒரு மருத்துவ விடுதியில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வாடகைக் காரில் போனார். நோயாளியிடம் என்ன பேசுவது என்று தெரியாத கூச்ச சுபாவம் அவருக்கு. வந்த வண்டியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். அப்படியில்லை, இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்று படுக்கையிலிருந்தே பதில் வந்தது. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தாலும் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729. கணித மேதைமைக்கு அடையாளமாக இதைச் சொல்லுவார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வந்தவர் நோயைப் பற்றிப் பேசாமல் நோயாளிக்குப் பிரியமானதைப் பற்றிப் பேசினார். உடனே படுத்திருந்தவர் பழைய ராமானுஜன் ஆகிவிட்டார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் சர்க்கரை எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று தொடங்காமல், சங்கீதமோ கிரிக்கெட்டோ அவருக்குப் பிடித்ததைப் பேசினால் போதும்.

ஊர் திரும்பிய பின்

1919 பிப்ரவரி 27-ந் தேதி நகோயா என்ற கப்பலில் புறப்பட்டு மார்ச் மாதம் பம்பாய் வந்து சேர்ந்தார். கப்பல் துறையில் தாயாரும் தம்பியும் காத்திருந்தார்கள். ஜானகி எங்கே என்று கேட்டார். பிறகுதான் அவருக்குச் செய்தி போய், சகோதரர் அழைத்துவர, சென்னையில் வந்து சேர்ந்தார். பதினைந்து வயதில் பிரிந்தவர் இருபது வயதில் கணவரைப் பார்த்தபோது, அவர் எலும்பும் தோலுமாக இருந்தார்.

அப்போது நம் பக்கத்தில் காசநோய்க்கென்று ஒரு பெரிய ஆரோக்கிய சாலை நான்கு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அந்நாளைய சித்தூர் ஜில்லாவில் மதனப்பள்ளிக்கு அருகில் பல மிஷன் சங்கங்கள் சேர்ந்து நிறுவி, 1915-ல் திறந்த இடம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃப்ரிமோட் மோலர் அதன் முதல் தலைவர். அந்த இடத்துக்கே ஆரோக்கியவரம் என்று பெயர் வந்துவிட்டது. இன்றும் அங்கே மருத்துவமனை இருக்கிறது. அந்தக் காலத்தில் காசம் என்றால் வசதியுள்ளவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடப்பார்கள். மற்றவர்கள் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடப்பார்கள். இங்கிலாந்தில் இரண்டு ஆரோக்கிய சாலைகளைப் பார்த்துவிட்ட ராமானுஜன் இங்கே வீட்டில்தான் இருந்தார். சென்னையில் சில மாதம், காவேரிக் கரையில் கொடுமுடியில் இரண்டு மாதம், பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மீண்டும் சென்னை.

கொடுமுடியில் ஒரு சிறு சம்பவம். ஆவணி அவிட்டத்தன்று காவேரிக்குப் போகும்போது ஜானகியும் கூட வரட்டும் என்றார் ராமானுஜன். தாயார் கூடாது என்றார். தாயார் வார்த்தையை மீறாத பிள்ளை, அன்று அமைதியாக, ஆனால் உறுதியாக, அவள் வருவாள் என்றார். அது முதல் அவரைக் கவனிக்கும் பொறுப்பு சிறிது சிறிதாக ஜானகியின் கைக்கு வந்தது.

வேளை தவறாமல் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் கொடுப்பார். வலி என்றால் கால்களுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். அதற்கு வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்களையும் பிற்காலத்தில் அறுபது வருஷத்துக்கும் மேலாகப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் எழுதிப் போட்ட காகிதங்களைச் சேகரித்துப் பெட்டியில் வைத்தவரும் அவரே. 1920 ஜனவரி 12-ந் தேதி ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், போலித் தீட்டா சார்புகள் என்று இன்று உலகமெங்கும் ஆராயப்படும் புதிய விஷயத்தை அறிவித்தார். இங்கிலாந்தில் குளியலறையில் ஒளிந்து எழுத வேண்டியிருந்தவர், இங்கே வலியோடும் ஜுரத்தோடும் படுக்கையில் சாய்ந்தபடி இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை எழுதினார். நோயைக் குணப்படுத்த ஜானகியால் முடியவில்லை. ஆனால் அந்த நோயாளி தாமாகவே வாழ்வதற்கு வேண்டிய நாட்களை அவர் கொடுத்தார். கவனிப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய பலன் வேண்டுமா?

1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில், நம்பெருமாள் செட்டியார் கொடுத்திருந்த இல்லத்தில் ராமானுஜன் காலமானார். கடல் கடந்து போய்ப் பிராயச்சித்தம் செய்யாதவர் என்ற காரணத்தால் உறவினர் பலர் அந்திமக் கிரியைகளுக்கு வரவில்லை. ராமச்சந்திர ராவ்தான் ஏற்பாடுகளைக் கவனித்தார். நம் சமூகத்தின் பத்திரிகையில் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் நம் பெருமையில் பாதி உண்மை குறைந்துவிடும்.

பிற்காலத்தில் கிடைத்த பதில்கள்

1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் பழைய குறிப்புகளைப் பரிசீலித்து, ராமானுஜனுக்கு இருந்தது காசமே அல்ல, இளமையில் வந்த சீதபேதியின் கிருமி ஈரலில் தங்கியதால் வந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார். இது அனுமானம்தான். ஆனால் அதற்கு அந்நாளிலேயே மருந்து இருந்தது என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. முன்பு என்னென்ன நோய் வந்தது, எப்போது வந்தது என்று கோவையாகச் சொல்ல, அந்நிய தேசத்தில் அவர் பக்கத்தில் வீட்டார் ஒருவரும் இல்லை. ஆகவேதான் நாங்கள் போகும் இல்லங்களில் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்கிறோம். எந்த வருஷம் என்ன நோய், என்ன அறுவை சிகிச்சை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தச் சர்க்கரை என்ன என்று அதில் தேதியுடன் இருக்க வேண்டும்.

இன்னொரு பதில் அதே சேத்துப்பட்டிலிருந்து வந்தது. 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதற்குள் காசத்துக்கு மருந்துகள் வந்துவிட்டன. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஆரோக்கிய சாலையில், நல்ல ஆகாரத்துடனும் ஓய்வுடனும். மறுபாதி நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டிலிருந்தவர்களைத் தாதிமார்கள் அடிக்கடி போய்ப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டார்களா என்று கவனித்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டார்க்கு நோய் தொற்றுவதும் அதிகமாகவில்லை. காச நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் வழக்கம் உலகமெங்கும் குறைவதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம். ராமானுஜன் கண்ணை மூடிய அதே பேட்டையில், 39 வருஷம் கழித்து, மருந்தும் அதைத் தவறாமல் கொடுக்க ஒரு கையும் இருந்தால் வீடே போதும் என்று நிரூபணம் ஆயிற்று.

நம் இல்லங்களுக்கு

காசம் இன்று ஆறு மாத மருந்தில் குணமாகிறது. நீரிழிவு அப்படியில்லை, ஆயுள் முழுதும் கூட வருவது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அலட்சியம் கூடாது.

திருப்பதிக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அலிபிரி நடைபாதையில் 3550 படிகள். பாத யாத்திரை என்றால் வெறுங்காலோடு ஏறுவது நம் வழக்கம். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கல் குத்துவதும் வெயிலில் சுடுவதும் தெரியாது. அப்படி வந்த சிறு கொப்புளம் பெரிய ரணமாகி மாதக்கணக்கில் அவஸ்தைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதத்தை வைத்தியரிடம் காட்டிவிட்டு வாருங்கள். உணர்ச்சி குறைந்தவர்கள் பேருந்தில் வந்து சேவித்தாலும் பெருமாள் அருள் குறையாது. ஏகாதசி உபவாசமும் அப்படியே. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். வைத்தியரைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ராமானுஜன் கடிதம் வராமல் தவித்தார். இன்று தினமும் கைப்பேசியில் முகம் பார்க்கிறோம். ஆனாலும் பெற்றோர் சர்க்கரை அளவை மறைக்கிறார்கள், பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை மறைக்கிறார்கள். நல்லெண்ணத்தில் மறைப்பதும் மறைப்பதுதான்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். நோயாளியை எல்லோரும் விசாரிக்கிறோம். கவனிப்பவரை யார் விசாரிக்கிறார்கள்? ராமானுஜன் மறைந்தபோது ஜானகிக்கு வயது 21. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் கொடுத்தது. சில வருஷம் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் சொல்லிக்கொடுத்தும் ஜீவனம் நடத்தினார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்து ஆளாக்கினார். 1976-ல் ராமானுஜனின் தொலைந்த காகிதங்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கையில் கிடைத்த பிறகுதான் உலகம் ஜானகி அம்மாளையும் தேடி வந்தது. கணவருக்கு ஒரு சிலை இல்லையே என்று அவர் வருந்தியதை அறிந்து, பல தேசத்துக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து மார்பளவுச் சிலை செய்வித்து அனுப்பினார்கள். 1994 ஏப்ரலில் அவர் காலமானார். அவர் காத்துக் கொடுத்த காகிதங்களிலிருந்து இன்னும் புதிய கணிதம் வந்துகொண்டிருக்கிறது.

சித்தூரில் ஒரு மாமி பன்னிரண்டு வருஷமாகக் கணவருக்கு இன்சுலின் போடுகிறார். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கும் கூடப் போகிறார். தமக்கும் ரத்த அழுத்தம் இருப்பதை எங்களிடம் மூன்றாம் மாதம்தான் சொன்னார். இப்போது எங்களில் இருவர் முறை வைத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் அவர் கணவரை அழைத்துப் போகிறோம். அந்த ஒரு நாள் அவர் தூங்குகிறார், அல்லது கோவிலுக்குப் போகிறார். பெரிய பணச் செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் நாலு பேர் சேர்ந்தால் இதைச் செய்யலாம். உங்கள் தெருவிலேயே ஒரு ஜானகி அம்மாள் இருப்பார். அவரைப் போய் விசாரியுங்கள். ஸ்ரீநிவாசன் எல்லோருக்கும் தேக ஆரோக்கியமும், நோயுற்றோர்க்கு நல்ல துணையும் அருளட்டும்.